ஒரு கிலோ காபிக் கொட்டை, 66 காலைகள்

இன்று காலை கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தேன். உறையின் மேல் என் கையெழுத்தில் வறுத்த தேதி இருந்தது. எண்ணிப் பார்த்தால் இன்று 64ஆம் நாள். 15 கிராம் எடுத்து அரைத்து, தாள் போட்ட கூம்பு வடிகட்டியில் கொட்டி, முதல் 40 மில்லி வெந்நீரை மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். தூள் உப்பி மேடாக எழுந்தது. அங்கங்கே துளை விழுந்து, தவிட்டு நிற நுரை விளிம்புவரை பரவியது. வாசனை அடுக்களையைத் தாண்டிக் கூடத்துக்குப் போயிருக்க வேண்டும், மகள் அங்கிருந்தே, "புதுக் கொட்டை வந்துவிட்டதா அம்மா?" என்று கேட்டாள். இரண்டு மாதம் பழைய கொட்டை அது. இதற்காக நான் செலவிட்டது ஆறு கிலோ காபி, ஏறக்குறைய ஓராண்டு. எங்கெங்கே தவறினேன் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

காலையில் ஒரே ஒரு கோப்பைதான் குடிப்பேன். ஒரு கோப்பைக்கு 15 கிராம் கொட்டை, 240 மில்லி தண்ணீர். எனக்குப் பிடித்த கொட்டையை வறுத்துத் தருபவர் ஒரு கிலோவுக்குக் குறைந்து அனுப்புவதில்லை. ஆக, ஒரு கிலோ 66 நாள் வரும். வறுத்த கொட்டையின் நல்ல காலமோ, பையைப் பிரித்த பிறகு மூன்று நான்கு வாரம்தான். அதற்குப் பிறகு குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. காபி பாலைப் போலக் கெட்டுப்போவதில்லை. ஆனால் எதற்காக அதைக் குடிக்கிறோமோ அது போய்விடும்.

முதல் கிலோவை 3 லிட்டர் கண்ணாடி ஜாடியில் கொட்டினேன். கம்பியால் இழுத்துப் பூட்டும் மூடி, உள்ளே ரப்பர் வளையம். பார்க்க அழகாக இருந்ததால் அடுக்களை மேடையில், ஜன்னலோரம் வைத்தேன். 12ஆம் நாள் நுரை பாதியாகியிருந்தது. 20ஆம் நாள் வெந்நீர் ஊற்றினால் தூள் நனைந்த மணலைப் போல அப்படியே கிடந்தது. வறுத்தவர் பழைய சரக்கை அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். அது என் தவறு. ஒரு நாள் ஏதோ தோன்றி, சமையல் வெப்பமானியை ஜாடிக்குள் கொட்டைகளுக்கு நடுவில் செருகி வைத்தேன். வெயில் ஜன்னலில் விழுந்த இரண்டு மணி நேரத்தில் 38 டிகிரி காட்டியது. அதே நேரம் அலமாரிக்குள் 29 டிகிரிதான். வெளிச்சமும் சூடும் சேர்ந்து தினமும் அதை வாட்டியிருக்கின்றன. 35ஆம் நாள் மீதமிருந்த 475 கிராமையும் செடிகளுக்கான எருத்தொட்டியில் போட்டேன். கிட்டத்தட்ட அரைக் கிலோ. கை கூசியது.

இரண்டாவது கிலோவைப் பாதியாகப் பிரித்தேன். 500 கிராம் அதே ஜாடியில், இந்த முறை இருட்டு அலமாரிக்குள். 500 கிராம் பிளாஸ்டிக் டப்பாவில், ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில்.

ஃப்ரிட்ஜ் யோசனைதான் இந்த ஓராண்டில் நான் செய்த மிக மோசமான வேலை. நான்காம் நாளே காபியில் ஏதோ ஒரு வாடை. ஆறாம் நாள் அது வெங்காயம் என்று தெளிவாகத் தெரிந்தது. வறுத்த கொட்டைக்குள் நுண்ணிய துளைகள் ஏராளம். பக்கத்தில் இருக்கும் வாடையை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் நாற்றம் போகக் காபித் தூளைக் கிண்ணத்தில் வைப்பவர்கள் உண்டு; நான் அதையே செய்துவிட்டு அந்தத் தூளைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஈரம் இன்னொரு தொல்லை. டப்பாவை வெளியே எடுத்துத் திறந்து, எவர்சில்வர் கரண்டியைக் கொட்டைக்குள் விட்டு ஒரு நிமிடம் கழித்து எடுத்தால், கரண்டியின் கிண்ணம் முழுக்கப் பனி படிந்திருந்தது. கரண்டியில் படிவது கொட்டையிலும் படியும். தினமும் ஒரு முறை வெளியே எடுத்து, திறந்து, மூடி, திரும்ப உள்ளே வைத்தேன். பத்து நாளில் கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்த்தபோது நொறுங்கவில்லை. நமத்துப்போய் லேசாக வளைந்து பிறகு உடைந்தது.

ஈரம் எவ்வளவு என்று அறிய ஒரு சின்னச் சோதனை செய்தேன். 20.0 கிராம் கொட்டையை அரைத்துத் தட்டில் பரப்பி, அறையிலேயே திறந்துவைத்தேன். 24 மணி நேரம் கழித்து 20.6 கிராம். காற்றிலிருந்து மட்டும் 0.6 கிராம் தண்ணீரைக் குடித்திருந்தது. அதே அளவு கொட்டையை அரைக்காமல் வைத்தபோது என் தராசில் 0.1 கிராம்தான் கூடியது. தராசின் நுட்பமே 0.1 கிராம் என்பதால் அந்த இரண்டாவது எண்ணை நான் பெரிதாக நம்பவில்லை. ஆனால் அரைத்துவைப்பதைப் பற்றி இருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் அன்றோடு போயிற்று. தூளாக வாங்குகிறவர்கள் இதில் சொல்லும் எதையும் இருமடங்கு கண்டிப்போடு செய்ய வேண்டியிருக்கும்.

அலமாரியில் இருந்த பாதி பரவாயில்லை. ஆனால் அதிலும் முதல் நாளிலிருந்தே ஒரு சிக்கு வாடை. புதுக் கொட்டையில் பழைய எண்ணெய் வாடை எப்படி வரும்? ஜாடியை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துத்தான் நிரப்பியிருந்தேன். மூன்று நாள் குழம்பியபின் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். அதுதான். நன்றாக வறுத்த கொட்டையின் மேல் எண்ணெய் கசியும். அது மூடியிலும் வளையத்தின் பள்ளத்திலும் ஒட்டிக்கொண்டு, காற்றுப்பட்டுச் சிக்குப் பிடிக்கும். வளையத்தைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஒரு இரவு ஊறவைத்தேன். வாடை குறைந்தது, போகவில்லை. பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். அப்போதும் போகவில்லை. புது வளையம் போட்ட பிறகுதான் தீர்ந்தது. அதிலிருந்து ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு முறை வளையத்தைக் கழற்றி முகர்ந்து பார்க்கிறேன். முழு ஜாடியையும் மாற்றுவதோடு பார்த்தால் வளையத்தின் விலை ஒன்றுமே இல்லை.

மூன்றாவது கிலோவுக்குக் கைப்பம்பு வைத்த டப்பா வாங்கினேன். மூடியின் நடுவில் உள்ள குமிழை 20, 25 முறை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். இந்த ஓராண்டில் கருவிக்கென்று செய்த செலவில் இதுவே பெரியது. கண்ணாடி உடல் என்பதால் உள்ளே நடப்பதைப் பார்க்க முடிந்தது. பொருட்களைச் சுற்றி அனுப்பும் குமிழித் தாள் இருக்கிறதே, அதில் நான்கு குமிழிகள் உள்ள ஒரு துண்டை வெட்டிக் கொட்டைகளின் மேல் வைத்தேன். பம்பு அழுத்த அழுத்தக் குமிழிகள் உப்பி விறைத்தன. வெளி அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும். மறுநாள் காலை பார்த்தால் நான்கும் தொய்ந்து கிடந்தன.

மூடி கசிகிறது என்று முடிவுகட்டி, அதைத் திருப்பி அனுப்பப் பெட்டியில்கூட வைத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை காலி டப்பாவில் அதே துண்டைப் போட்டுப் பம்பு அடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் ஆகியும் குமிழிகள் விறைப்பாகவே இருந்தன. அப்படியானால் டப்பா கசியவில்லை. உள்ளே இருந்த கொட்டைதான் காற்றை விட்டிருக்கிறது. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு அடைபடுகிறது. முதல் சில நாள் வேகமாகவும், பிறகு வாரக்கணக்கில் மெதுவாகவும் அது வெளியேறும். என் டப்பா முழுவதும் அது நிரம்பியிருந்தது. கரியமில வாயு காபியைக் கெடுப்பதில்லை. உயிர்வளியை (ஆக்சிஜனை) வெளியே தள்ளி வைத்திருப்பதால் கொஞ்சம் நல்லதுகூட. வெந்நீர் ஊற்றும்போது எழும் நுரையும் இதுதான். தொய்ந்த குமிழியைப் பார்த்து நான் பயந்தது வீண்.

அந்த டப்பாவில் இருந்த கொட்டை 30 நாள்வரை நன்றாக இருந்தது. சாதா ஜாடியைவிட ஒரு வாரம் கூடுதல் என்பது என் கணிப்பு. அதற்குப் பிறகு அதுவும் சரிந்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 250 மில்லி அளவுக் கிண்ணத்தில் தலைதட்டிக் கொட்டையை நிரப்பி எடை பார்த்தேன்: 92 கிராம். ஒரு கிலோ என்றால் ஏறத்தாழ 2.7 லிட்டர் இடம். என் 3 லிட்டர் ஜாடி முதல் நாள் கழுத்துவரை நிறைந்திருந்தது. 33ஆம் நாள் பாதி காலி; கொட்டைக்கு மேலே மட்டும் ஒன்றரை லிட்டருக்கு மேல் காற்று, அதில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளி. நான் தினமும் மூடியைத் திறந்து, கொட்டை விட்டிருந்த கரியமில வாயுவை வெளியே கொட்டிவிட்டு, புதுக் காற்றை உள்ளே அனுப்பி மூடிக்கொண்டிருந்தேன். கொட்டை குறையக் குறையக் காற்று கூடியது. ஒரு கிலோவின் கடைசிக் கைப்பிடி 65 முறை திறப்பைத் தாங்கியிருக்கும். பம்பு அந்தக் காற்றில் ஒரு பகுதியைத்தான் எடுக்கிறது, அதுவும் திறந்து மூடிய பிறகு.

நான் ஒரு நல்ல டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது திறப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியை.

நான்காவது கிலோ வந்ததும் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்தேன். பொட்டலத்துக்கு 120 கிராம், அதாவது எட்டு நாள் காபி. எட்டுப் பொட்டலம் போக மீதி 40 கிராம். அதில் இரண்டு நாள் ஓட்டிவிடலாம். உட்புறம் அலுமினியம் பூசிய பைகள் வாங்கினேன். விலை குறைவு என்று வால்வு இல்லாதவையாகப் பார்த்து வாங்கினேன். வறுத்த மறுநாளே அடைத்தும்விட்டேன். மூன்றாம் நாள் அத்தனையும் தலையணையைப் போல உப்பிக்கொண்டு நின்றன. அன்றிரவு அலமாரிக்குள் டப்பென்று ஒரு சத்தம். ஒரு பையின் ஒட்டு விட்டுத் தட்டு முழுக்கக் கொட்டை சிதறியிருந்தது. அடுத்த முறை வால்வு வைத்த பைகளே வாங்கினேன். பையின் மேற்பகுதியில் பொத்தான் அளவில் ஒரு வட்டம் இருக்கும். உள்ளிருந்து வாயு வெளியேறும், வெளியிலிருந்து காற்று நுழையாது. அழுத்தி மூக்கருகே பிடித்தால் உள்ளே இருக்கும் கொட்டையின் வாசனை வரும். இப்படி அழுத்தி முகர்வது கொஞ்ச நாள் எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. வாசனை வீணாகிறதே என்று பிறகு விட்டுவிட்டேன்.

பை ஒட்டும் கருவி என்னிடம் இல்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். முதல் பையில் பெட்டியை நேரடியாக வைக்க, பையின் வெளிப்பூச்சு உருகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க அரை மணி. பிறகு பையின் வாயை ஒரு மரப் பட்டையின் விளிம்பில் படுக்கவைத்து, மேலே எண்ணெய்த்தாளை மடித்துப் போட்டு, பட்டுத்துணிக்கான சூட்டில் பெட்டியின் ஓரத்தை 3 நொடி அழுத்தினேன். 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒட்டு விழுந்தது. 2 நொடி போதவில்லை, இழுத்தால் பிரிந்தது. 5 நொடிக்கு உறை சுருங்கிக் கோணியது. என் பைக்கும் என் பெட்டிக்கும் 3 நொடி. வேறு பைக்கு வேறு கணக்கு வரும். காலிப் பை இரண்டை வீணடித்து நேரம் கண்டுகொள்வது நல்லது.

ஒட்டியவற்றை வாளித் தண்ணீரில், வால்வுக்குக் கீழே வரை அமிழ்த்தி அழுத்திப் பார்த்தேன். ஒட்டுப் பக்கத்தைத் தனியாகத் தலைகீழாக அமிழ்த்திப் பார்த்தேன். எட்டில் மூன்று, ஒட்டிலிருந்து மணி மணியாகக் குமிழி விட்டன. மூன்றையும் திரும்ப ஒட்டினேன். இரண்டு அப்போதும் கசிந்தன. அன்று வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் பல வருடம் பொட்டலத் தொழிலில் இருந்தவர். "ஒட்டுகிற இடத்தில் தூள் இருக்கிறதா பார்த்தாயா?" என்று கேட்டார்.

"கொட்டைதானே அண்ணா, தூள் எங்கிருந்து வரும்?"

"கொட்டையோடு உமியும் வரும். கையை உள்ளே விட்டுத் தேய்த்துப் பார்."

ஆள்காட்டி விரலால் பையின் வாயோரம் உட்பக்கத்தைத் தடவினேன். விரல் நுனி பழுப்பாக வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வறுத்த கொட்டையின் நடுப்பள்ளத்திலிருந்து உதிரும் தங்க நிறச் சிறு சருகுகள், கூடவே எண்ணெய்ப் பசை. இரண்டு உறைகளுக்கு நடுவே ஒரு சருகு மாட்டினால் போதும், அதன் இருபுறமும் மயிரிழை அளவுக்கு ஒரு வாய்க்கால் திறந்திருக்கும். அதன் பிறகு ஒரு தாளைக் குழலாகச் சுருட்டிப் பைக்குள் செருகி, அதன் வழியாகக் கொட்டையைக் கொட்டுகிறேன். பையின் வாயில் கொட்டை படுவதேயில்லை. குழலை எடுத்ததும் காய்ந்த பருத்தித் துணியால் வாயின் உட்பக்கத்தை ஒரு முறை துடைக்கிறேன். அன்றிலிருந்து ஒரு பைகூடக் கசியவில்லை. ஆறு கிலோவில் நான் கற்றவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது இந்தத் தாள் குழல்தான்.

பிரிக்காத பொட்டலம் அலமாரியில் 40ஆம் நாள்வரை நன்றாகவே இருந்தது. 50ஐத் தாண்டியவை, பிரித்த அன்றே கொஞ்சம் மங்கலாக இருந்தன. திறப்பைக் குறைத்தாயிற்று, இனிக் குறைக்க வேண்டியது சூடு. ஃப்ரிட்ஜில் பட்ட அனுபவத்தால் ஃப்ரீசரை நினைத்தாலே தயக்கமாக இருந்தது. ஆனாலும் ஐந்தாவது கிலோவில் துணிந்தேன்.

அதிலும் முதலில் தவறான வழிதான். பாதியை ஒரே ஜாடியில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, தினமும் எடுத்து 15 கிராம் அளந்துகொண்டு திரும்ப வைத்தேன். பொட்டலம் கட்டச் சோம்பல், வேறு காரணமில்லை. இரண்டு வாரத்தில் மூடியின் உட்புறம் வெண்பனி படிந்தது, மேலே இருந்த கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டின. ஒவ்வொரு திறப்பிலும் அறையின் ஈரக் காற்று உள்ளே போய்க் குளிர்ந்த கொட்டையில் படிந்து உறைகிறது. அரவைக் கருவியின் பற்களில் ஈரத் தூள் அப்பிக்கொண்டு, அதைக் கழற்றித் துடைக்கவே ஒரு காலைப்பொழுது போயிற்று. அந்த ஜாடியின் கொட்டையை 21ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டேன்.

மறு பாதியில் ஒரு பங்கைத் தனித்தனி வேளையாக அடைத்தேன். இதற்கு மூடி திருகும் 50 மில்லி பிளாஸ்டிக் சோதனைக் குழாய்கள். ஒரு குழாயில் 15 கிராம் கொட்டை கச்சிதமாக அடங்கும், மேலே விரல் அகலம்தான் காற்று. அளந்து நிரப்ப 40 நிமிடம் ஆயிற்று. காலையில் ஒரு குழாயை எடுத்து, உறைந்த கொட்டையை அப்படியே அரவைக் கருவியில் கொட்டி அரைக்க வேண்டியதுதான். பனி படிய நேரமே இல்லை. முதல் நாள் தண்ணீர் வடிய வழக்கமான 2 நிமிடம் 40 நொடிக்குப் பதில் 3 நிமிடத்துக்கு மேல் எடுத்தது, காபி லேசாகக் கசந்தது. குளிர்ந்த கொட்டை நொறுங்கும் விதம் வேறு: குளிரக் குளிரத் தூள் நுண்மையாகவும் சீராகவும் விழும் என்பதை 2016இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை அளந்தே காட்டியிருக்கிறது. அரவையை இரண்டு படி பருமனாக்கினேன், சரியாகிவிட்டது.

மீதியை 120 கிராம் பைகளில் ஒட்டி, வால்வின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி ஃப்ரீசரில் வைத்தேன். குளிரும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கும். அந்த இழுப்பில் வால்வு வழியாகக் கொஞ்சமும் காற்று போய்விடக் கூடாது என்பதற்காக டேப். ஒரு பை முடியும் நாளுக்கு முந்தைய இரவு அடுத்ததை வெளியே எடுத்துவைக்கிறேன். காலைவரை பிரிப்பதில்லை. பனி பையின் வெளிப்புறத்தில் படிந்து காய்ந்து, உள்ளே அறைச்சூடு வந்த பிறகே கத்தரிக்கோல். பிரித்ததும் 350 மில்லி ஜாடியில் கொட்டுகிறேன். 120 கிராம் அதன் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரும். எட்டு நாளில் அந்த ஜாடி காலி. ஒரு முறை வெளியே வந்த பை மறுபடி ஃப்ரீசருக்குப் போவதில்லை.

குழாய்க்கும் பைக்கும் சுவையில் என்னால் வித்தியாசம் காண முடியவில்லை. பைகளுக்கு எட்டு நாளுக்கு ஒரு முறைதான் வேலை என்பதால் அவற்றையே வைத்துக்கொண்டேன். குழாய்கள் இப்போது எப்போதாவது வரும் வேறு வகைக் கொட்டைகளில் கொஞ்சம் பத்திரப்படுத்த உதவுகின்றன.

நாக்கு நம்பத்தகுந்ததா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. உழைத்த உழைப்புக்காகவே நன்றாக இருப்பதாகத் தோன்றலாம். அதனால் மகளை உதவிக்கு அழைத்தேன். மூன்று கோப்பை, இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. கோப்பைகளின் அடியில் எண் எழுதிய ஒட்டுத்தாள். எது வேறு என்று நான் சொல்ல வேண்டும். முதல் ஐந்து நாள், அன்று பிரித்த புதுக் கொட்டைக்கும் மேடை ஜாடியில் வேண்டுமென்றே 21 நாள் திறந்து மூடிய கொட்டைக்கும் இடையே. ஐந்து நாளும் சரியாகச் சொன்னேன். மூன்றாம் நாள் குடிப்பதற்கு முன்பே கைகாட்டிவிட, "முகர்ந்து சொல்லாதே, குடித்துச் சொல்" என்று கோப்பைகளை இடம் மாற்றிவைத்தாள், அப்போதும் சரிதான். அடுத்த ஐந்து நாள், புதிய கிலோவுக்கும் ஃப்ரீசரில் 55 நாள் இருந்த பைக்கும் இடையே. இதில் இரண்டு நாள்தான் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலே மூன்றில் ஒன்று சரியாக வரும். ஆக ஐந்தில் இரண்டு என்பது குருட்டு ஊகத்தின் அளவுதான். இரண்டும் வெவ்வேறு நாளில் வறுத்தவை, ஐந்தே நாள் சோதனை, ஒரே நாக்கு. இருந்தாலும் இந்தத் தோல்வியில் எனக்கு இருந்த மகிழ்ச்சி பெரிது.

ஆறாவது கிலோ முழுவதும் இந்த முறையிலேயே போயிற்று. வறுத்தவரின் பையைப் பிரிக்காமல் ஐந்து நாள் வைத்தேன். வாயுவின் வேகம் அதற்குள் அடங்கியிருக்கும், காபியும் அதற்குப் பிறகுதான் நிதானப்படுகிறது. ஆறாம் நாள் ஒரே அமர்வில் எட்டுப் பை, தாள் குழலும் இஸ்திரிப் பெட்டியுமாக 35 நிமிடம். இரண்டு பை அலமாரிக்கு, ஆறு ஃப்ரீசருக்கு. 40 கிராம் நேராகச் சின்ன ஜாடிக்கு. 66 கோப்பை போக மிஞ்சும் 10 கிராமையும் அடுத்த கிலோவோடு சேர்த்துக் குடித்துவிடுவேன் என்பதால், எருத்தொட்டிக்குப் போவது ஒன்றுமில்லை. அந்தக் கைப்பம்பு டப்பா இப்போது காலியாக இருக்கிறது. முதலிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அதை வாங்கியிருக்கவே மாட்டேன். அதன் விலைக்கு இரண்டு ஆண்டுக்கான பைகள் வந்திருக்கும்.

அடுத்த கிலோவில் இரண்டு மாற்றம் செய்யப் போகிறேன். அரவைக் கருவியை அரைத்து முடித்ததும் தட்டி, தூரிகையால் துடைத்து எடை பார்த்தபோது, பற்களுக்கு இடையில் 0.8 கிராம் பழைய தூள் தங்கியிருந்தது. எவ்வளவு பத்திரமாக வைத்த கொட்டையானாலும் முதலில் நேற்றைய தூளோடுதான் கலக்கிறது. இனி தினமும் தூரிகை. இன்னொன்று, பையில் வறுத்த தேதியை மட்டும் எழுதுகிறேன். ஃப்ரீசரில் வைத்த தேதியும் வெளியே எடுத்த தேதியும் எழுதினால்தான் எவ்வளவு நாள் குளிரில் இருந்தது என்று தெரியும். உறைந்த பையின் மேல் மார்க்கர் மை பிடிப்பதில்லை, தடவினால் அழிந்துவிடுகிறது. ஒட்டுவதற்கு முன்பே, பை காலியாகவும் காய்ந்தும் இருக்கும்போது மூன்று வரி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஏழாவது கிலோவுக்கு எட்டுப் பைகளில் கோடு போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன்.